யாரிடம் என்ன சொல்லலாம்

முதலிலேயே ஒன்று. இதில் வரும் பையன் எந்த நாட்டுக்காரன் என்று எழுதப்போவதில்லை. கிழக்கு ஆப்பிரிக்கா, அத்தோடு சரி. எங்கள் கல்லூரியில் அப்போது அந்த நாட்டிலிருந்து படித்தவர்களே நான்கு பேர்தான். நாட்டைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி. இந்தச் சின்னக் கணக்கு 2019-லேயே என் மண்டையில் ஏறியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் வெளிநாட்டு மாணவர் பிரிவில் இருக்கிறேன். பிரிவு என்று பெயர்தான் பெரிசு. நான், ஒரு கம்ப்யூட்டர், பூட்டு சரியாக விழாத ஒரு இரும்பு பீரோ, பாதி நாள் வேறு செக்‌ஷனுக்குக் கடன் போய்விடும் ஒரு அட்டெண்டர். ஜூலை வந்தால் மூச்சுவிட நேரமிருக்காது. பிள்ளைகள் வந்து இறங்கி 14 நாளுக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ. என்ற வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு முடிய வேண்டும். இப்போது எல்லாம் ஆன்லைன். முன்பெல்லாம் ஹாடோஸ் ரோடு சாஸ்திரி பவனுக்கு ஆட்டோவில் நாலு நாலு பேராக அழைத்துப்போய் உட்கார வைப்பேன். வெளியே வீடு எடுத்தால் வெளிநாட்டவர் தங்கியிருக்கிறார் என்று வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் ஒரு படிவம் போட வேண்டும். அது அவர்களுக்குத் தெரியாது, நான்தான் போனில் சொல்லிக்கொடுப்பேன். இதற்கு நடுவில் ரசம் ஏன் இப்படிக் காரம் என்ற விசாரணை வேறு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பையனை டேவிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் சிநேகிதனை மணி என்று. இரண்டும் நான் வைத்த பெயர்கள்.

2019 அக்டோபர். மழை ஆரம்பித்த கையோடு ஹாஸ்டலில் வரிசையாக டெங்கு. டேவிட்டுக்கு பிளேட்லெட் 28,000-க்கு இறங்கிவிட்டது. பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் போனபோது மணி கட்டிலை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். தென் மாவட்டத்துப் பையன், டேவிட்டோடு ஒரே வகுப்பு. மடியில் ஒரு எவர்சில்வர் டம்ளர், அதன் மேல் கைக்குட்டை. மெஸ்ஸுக்குப் பின்னால் நிற்கும் பப்பாளி மரத்தில் இலை பறித்து, சமையல்காரரைக் கெஞ்சி மிக்ஸியில் அடித்து, துணியில் வடிகட்டிக் கொண்டுவந்திருக்கிறான். நர்ஸ் பார்த்தால் திட்டுவார் என்றுதான் அந்தக் கைக்குட்டை. டேவிட் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்த சுளிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. "இன்னும் ரெண்டு வாய்டா" என்று மணி தமிழிலேயே சொன்னான். டேவிட்டுக்கு அதற்குள் அவ்வளவு தமிழ் வந்திருந்தது போல. குடித்தான்.

வீட்டுக்குத் தகவல் சொல்லுங்கள் என்றார்கள். படிவத்தில் அவசரத் தொடர்புக்கு ஒரு சித்தப்பாவின் எண் இருந்தது. ஃபீஸ் கட்டுவதும் அவர்தான். லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்று கூப்பிட்டேன். "கூட யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார். பிள்ளை கண்காணாத ஊரில் தனியாகக் கிடக்கிறானே என்ற பதைப்பு குரலில் அப்படியே கேட்டது. எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள், அந்தப் பதைப்பு தெரியும். அவரைத் தேற்றுகிறேன் பேர்வழி என்று என் இங்கிலீஷில் சொன்னேன்: "டோன்ட் வொரி சார். ஹிஸ் ஃப்ரெண்ட் இஸ் தேர் டே அண்ட் நைட். டேக்கிங் கேர் லைக் எ வைஃப்."

நம் ஊரில் இதைவிடப் பெரிய பாராட்டு உண்டா? பெண்டாட்டி மாதிரி பார்த்துக்கொண்டான், பெற்ற தாய் மாதிரி பார்த்துக்கொண்டான் என்று வாயில் சரளமாக வரும். அன்றைக்கு இந்த இரண்டில் தாய் முதலில் வந்திருந்தால் பிழைத்திருப்போம்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். வினாடி ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம், "அந்த நண்பனின் பெயர் என்ன?" என்றார். அதையும் சொன்னேன். எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.

ஜனவரியில் அடுத்த செமஸ்டர் ஃபீஸ் வரவில்லை. டேவிட் என் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தான். இளைத்துப்போயிருந்தான். "மேடம், சித்தப்பாவிடம் சரியாக என்ன வார்த்தை சொன்னீர்கள்?" என்றான். கோபமாகக் கேட்கவில்லை. தேதி கேட்கிற மாதிரி கேட்டான். நான் சொன்ன வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொன்னேன். முதலில் சிரித்துவிட்டான். "இட்ஸ் ட்ரூ, மேடம்" என்றான். அப்புறம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். எனக்கு விஷயமே அப்படித்தான் தெரிந்தது.

உடனே எனக்கு ஞானம் பிறந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அன்று சாயங்காலம் பறக்கும் ரயிலில் திருவான்மியூர் வரும்வரை என்னவோ போலத்தான் இருந்தது. வீட்டில் மகளிடம் சொன்னேன். அவள் கேட்டது ஒரே கேள்வி: "உனக்கு என்னவோ போல இருக்கறது இருக்கட்டும்மா. அவனுக்கு ஃபீஸ் யாரு கட்டுறது?"

அந்தக் கேள்வியின் கனம் என் வேலையில் இருப்பவர்களுக்குத்தான் முழுதாகப் புரியும். நம் பிள்ளைகள் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் படித்துக்கொண்டே கடையில் நின்று கைச்செலவுக்குச் சம்பாதிக்கிறார்கள். இங்கே மாணவர் விசாவில் வந்தவர் வேலை பார்க்கக் கூடாது. வீட்டுப் பணம் நின்றால் நின்றதுதான். ஃபீஸ் பாக்கி என்றால் எங்கள் ஆபீஸ் போனஃபைடு தராது. போனஃபைடு இல்லாமல் விசா நீட்டிப்பு இல்லை. நீட்டிப்பு இல்லையென்றால் ஊருக்குப் போக வேண்டும். ஊரில் சித்தப்பா நிற்கிறார். அவருக்குப் பின்னால் சட்டம் நிற்கிறது. இங்கேயே அடைக்கலம் கேட்கலாமே என்று ஒரு பேராசிரியர் கேட்டார். 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்தே போடவில்லை. படிப்பு முடிந்தால் விசா முடிந்தது.

சட்டம் என்றேன். அதுவும் ஒரு வேடிக்கை. 1860-இல் வெள்ளைக்காரன் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தில்தான் ஒரே பாலினத்தார் உறவைக் குற்றமாக்கிய அந்த 377-ஆம் பிரிவு இருந்தது. அதே சரக்கை அவன் தன் கொடி பறந்த இடத்துக்கெல்லாம் ஏற்றுமதி செய்தான். கென்யா, உகாண்டா, மலேயா, இலங்கை, எல்லா இடத்துக்கும் எண் கொஞ்சம் முன்னே பின்னே மாறி அது போய்ச் சேர்ந்தது. இங்கே 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் அதன் பல்லைப் பிடுங்கியது. அங்கே பல நாடுகளில் பல் அப்படியே இருக்கிறது. உகாண்டாவில் 2023-இல் புதுப் பல்லே கட்டினார்கள், சில குற்றங்களுக்கு மரண தண்டனை வரைக்கும். ஆக, இவர்கள் விமானம் ஏறும் ஊரில் ஒரு சட்டம், மீனம்பாக்கத்தில் இறங்கினால் வேறு சட்டம். இங்கே சுதந்திரமாக இருந்த நாலு வருஷத்தைப் போகும்போது பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும்.

ஃபீஸ் விஷயத்துக்கு ஒரு தவணைக் கடிதம் தயார் செய்தேன். அந்த மாதிரி ஒரு கடிதம் எங்கள் விதிப் புத்தகத்தில் கிடையாது. காரணம் என்ற இடத்தில் "குடும்பப் பொருளாதார நெருக்கடி" என்று மட்டும் போட்டேன். ஒரு சொல்லும் பொய்யில்லை, ஒரு சொல்லும் எதையும் காட்டிக்கொடுக்காது. ஆபீஸ் பாஷையை எல்லாரும் கேலி செய்கிறார்கள். அது சில சமயம் நல்ல போர்வை. துறைத் தலைவர் ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார், மூன்று ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு தவணையைக் கட்டினார்கள். அவர்களுக்கும் காரணம் தெரியாது, கேட்கவும் இல்லை.

பிப்ரவரியில் சித்தப்பாவிடமிருந்து ஒரு மெயில் வந்தது. மரியாதையான மெயில். சென்னை மருத்துவத்துக்குப் பேர்போன ஊர் ஆயிற்றே, இதைக் குணமாக்கும் டாக்டர் யாராவது அங்கே இருப்பாரே, செலவை நான் ஏற்கிறேன் என்று எழுதியிருந்தார். என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் அந்த மெயிலை ஒரு வாரம் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். 2021 ஜூன் 7-க்குப் பிறகாக இருந்தால் எழுதுவதற்கு ஒரு வரி கிடைத்திருக்கும். மதுரையிலிருந்து வீட்டுக்குத் தெரியாமல் சென்னைக்கு வந்த இரண்டு பெண்கள் போட்ட வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அன்றுதான் இந்த மாதிரி 'குணப்படுத்தும்' வைத்தியத்துக்குத் தடை போட்டார். அடுத்த வருஷம் தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று சொல்லிவிட்டது. அந்த வழக்கில் எனக்குப் பிடித்தது வேறொன்று. தனக்கே இந்த விஷயம் சரியாகப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, தீர்ப்பு எழுதும் முன் நீதிபதியே ஒரு மனநல நிபுணரிடம் போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். திருவான்மியூர் ரயிலில் என்னவோ போல இருந்த எனக்கு அது பெரிய ஆறுதல்.

மார்ச்சில் ஊரடங்கு வந்தது. மணியை அவன் அப்பா கார் எடுத்து வந்து கூட்டிப்போனார். விமானமெல்லாம் நின்றதால் டேவிட்டால் போக முடியவில்லை, அரசாங்கமும் சிக்கிக்கொண்டவர்களின் விசாவை நீட்டித்துக்கொண்டே போனது. எல்லாரும் திட்டிய கொரோனா அவனுக்கு ஒன்றரை வருஷம் வாங்கிக்கொடுத்தது. காலி ஹாஸ்டலில் உட்கார்ந்து படித்தான். 2021 கடைசியில் மேற்படிப்புக்கு உதவித்தொகை கிடைத்து வேறொரு நாட்டுக்குப் போனான். அதற்கு மேல் அவனைப் பற்றி எழுதமாட்டேன்.

அதற்கப்புறம்தான் என் ஆபீஸையே நான் வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன். நாங்கள் நல்லது என்று நினைத்துச் செய்ததில் பாதி இந்தப் பிள்ளைகளுக்கு உதைத்தது.

உதாரணமாக, ஹாஸ்டல் அறை. ஒரே நாட்டுக்காரர்களை ஒரே அறையில் போடுவது எங்கள் வழக்கம். பேச்சுத் துணையாக இருக்கும், வீட்டு நினைப்பு வராது என்று. பெரும்பாலானோருக்கு அது சரிதான். ஆனால் மறைக்க ஒன்று இருப்பவனுக்கு அந்த அறை அவன் ஊரேதான். சொந்த ஊரின் சர்ச், சொந்த ஊரின் வாட்ஸ்அப் குழு, அம்மாவின் தோழி மகன், எல்லாம் அந்தப் பத்துக்குப் பன்னிரண்டில் இருக்கிறது. இங்குள்ள பையனோடு தங்குவதில்தான் அவனுக்கு மூச்சு வரும். இப்போது "யாரோடு தங்க விருப்பம்" என்று கேட்கிறோம், ஏன் என்று கேட்பதில்லை.

அப்புறம் அந்தக் கவுன்சலிங் ரிஜிஸ்டர். கவுன்சலர் அறை வாசலில், யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கிற மாதிரி, நூல் கட்டிய பேனாவோடு. பெயர், துறை, வந்த நேரம், போன நேரம். கடைசிக் கட்டத்தில் "காரணம்". ஆறு வருஷமாக அந்த வாசலைத் தாண்டிப் போயிருக்கிறேன், ஒரு நாளும் எனக்கு உறைத்ததில்லை.

2022-இல் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி வந்தாள். "மிஸ், உங்களோட ஒரு விஷயம் கதைக்கலாமா?" என்று கதவைச் சாத்திவிட்டுத்தான் உட்கார்ந்தாள். வளசரவாக்கத்தில் அவளுக்கு ஒரு மாமி. லோக்கல் கார்டியன் அவர்தான். ஹாஸ்டல் கேட்டில் கார்டு தேய்க்கும்போதெல்லாம் மாமியின் போனுக்கு எஸ்.எம்.எஸ். போகும், எத்தனை மணிக்கு வெளியே, எத்தனை மணிக்கு உள்ளே என்று. பெண் பிள்ளைகளின் பாதுகாப்புக்காக நாங்கள் பெருமையோடு போட்ட ஏற்பாடு. மாமி அதைக் கட்டம் போட்ட நோட்டில் எழுதிவைத்து வாரக் கடைசியில் யாழ்ப்பாணத்துக்கு வாசிக்கிறார். இவள் நேசிக்கிற பெண் அடையாறில் வேலை பார்க்கிறாள். இலங்கையில் 365, 365ஏ என்று அந்தப் பிரிவுகள் இதை எழுதும்வரை அப்படியே இருக்கின்றன. ஆனால் அவளுக்குப் பயம் சட்டத்திடம் இல்லை, மாமியின் நோட்டிடம்.

பேச்சுக்கு நடுவில், "இதுக்குத் தமிழில என்ன மிஸ் சொல்றது? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஏச்சுச் சொல்லுதான்" என்றாள். மகள் சொல்லிக்கொடுத்த 'தன்பாலீர்ப்பு' என்ற சொல்லைச் சொன்னேன். வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். "பள்ளிக்கூடப் பாடம் மாதிரிக் கிடக்கு" என்று சிரித்தாள். உண்மைதான், நாவில் பழக நாளாகும். அந்த மதுரைப் பெண்களின் வழக்கின் தொடர்ச்சியாகத்தான் அந்த வருஷம் தமிழ்நாடு அரசு இந்தச் சொற்களுக்கு ஒரு பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. திருநங்கை என்ற சொல்லும் ஒரு காலத்தில் புதுசாகத்தான் இருந்தது.

கார்டியன் பெயரை ஒரு பேராசிரியைக்கு மாற்றினோம். இனிமேல் முதுகலை மாணவிகளுக்குத் துறையே பொறுப்பு என்று பொதுவாக ஒரு சுற்றறிக்கை போட்டு, அந்த வகுப்பு முழுக்க மாற்றினோம். ஒருத்திக்கு மட்டும் மாற்றினால் மாமி அன்றைக்கே பஸ் ஏறியிருப்பார்.

நல்லெண்ணம் படுத்தும் பாட்டுக்கு இன்னொன்று. ஜூன் மாதம் கல்லூரியில் வானவில் போஸ்டர், செல்ஃபி கட்டம் எல்லாம் வைத்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கு ஒரு மாணவன் மூச்சிரைக்க வந்தான். அந்தப் படம் கல்லூரியின் இன்ஸ்டாகிராமில் ஏறியிருந்தது, பின்வரிசையில் அவன் முகம். அவன் ஊரில் விடிய இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. மீடியா பையனைத் தேடி ஓடினேன். "நல்லா வந்திருக்கே மேடம், ஏன் எடுக்கணும்?" என்று அவன் கேட்டுக்கொண்டே நீக்கினான். சென்னையில் வானவில் பேரணி 2009-லிருந்து நடக்கிறது. வெளிநாட்டுப் பிள்ளைகள் போனால் மாஸ்க் போட்டுக்கொண்டு ஓரமாக நடப்பார்கள். வீட்டுப் பயம் ஒன்று. 2019 டிசம்பரில் சென்னையில் படித்துக்கொண்டிருந்த ஒரு ஜெர்மன் மாணவர் குடியுரிமைச் சட்டப் போராட்டத்தில் அட்டை பிடித்து நின்றதற்காக நாட்டைவிட்டுப் போகச் சொல்லப்பட்டார். அந்தக் கதை எல்லா பேட்ச்சுக்கும் தெரியும். எந்த ஊர்வலத்தைப் பார்த்தாலும் அவர்களுக்கு விசாதான் ஞாபகம் வரும்.

சட்டத்தில் இவர்களுக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன். ராகிங் தடுப்பு விதிகளில் யு.ஜி.சி. 2016-இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. நிறம், மதம், சாதி, திருநர் உட்படப் பாலினம், பாலீர்ப்பு, தேசம், மொழி என்று வரிசையாக அடுக்கி, இதில் எதை வைத்துத் துன்புறுத்தினாலும் அது ராகிங்தான் என்கிறது. பாலீர்ப்பும் தேசமும் ஒரே வாக்கியத்தில் வரும் அரசாங்கக் காகிதத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பெரிய எழுத்தில் எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறேன். கீழே என் எக்ஸ்டென்ஷன் நம்பர்.

என் பங்குக்குச் செய்தது ஒரு கட்டம். சேர்க்கைப் படிவத்தில் அவசரத் தொடர்பு எண்ணுக்குக் கீழே இரண்டு வரி சேர்த்தேன். "இவரிடம் எதைச் சொல்லலாம்? எதைச் சொல்லக் கூடாது?" ரெஜிஸ்ட்ரார் கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "இது எதுக்கும்மா?" என்றார். "பிரைவசி சார்" என்றேன். அந்தச் சொல்லுக்கு இப்போதெல்லாம் ஒரு மந்திர சக்தி. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. எல்லாருமே அந்தக் கட்டத்தை நிரப்பினார்கள். அரியர் வைத்ததை அப்பாவிடம் சொல்லக் கூடாது. பன்றிக்கறி தின்பதைச் சொல்லக் கூடாது. முடி வெட்டிக்கொண்டதை அம்மாவிடம் சொல்லக் கூடாது. வேறு நாட்டுப் பெண்ணைக் காதலிப்பதைச் சொல்லக் கூடாது. ஒருவன், "நான் எட்டு கிலோ கூடியதைப் பாட்டியிடம் சொல்ல வேண்டாம்" என்று எழுதியிருந்தான். பரோட்டா செய்த வேலை. அத்தனை பேருடைய ரகசியத்துக்கு நடுவில் யாருடையது எந்த ரகசியம் என்று பார்த்தால் தெரியாது. சிலர் "எதுவும் வேண்டாம், உயிரோடு இருக்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள்" என்று எழுதுவார்கள். அந்தப் படிவங்களை மட்டும், பீரோ பூட்டு சரியில்லாததால், என் மேஜை டிராயரில் வைக்கிறேன்.

போன வருஷம் மார்ச் கடைசி, சாப்பாட்டு நேரம். ஆபீஸ் போன் அடித்தது. வெளிநாட்டு எண். குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது, லிஃப்ட் பக்கத்தில் நின்றது அப்படியே ஞாபகம் வந்தது. சித்தப்பாவுக்கு வயசாகிவிட்டிருந்தது. டேவிட் எங்கே இருக்கிறான், அவன் முகவரி உங்களிடம் இருக்குமே என்றார். கொஞ்சம் நிறுத்தி, அந்தப் பையன் இன்னும் அவனோடுதான் இருக்கிறானா என்றும் கேட்டார். என்ன மனசோடு கேட்டார் என்று சொல்லத் தெரியவில்லை. பழைய கோபமா, இல்லை வயசான பிறகு வரும் வேறு ஏதாவதா. முந்தின வாரம் டேவிட் அனுப்பிய படம் என் போனில் இருந்தது.

"எனக்குத் தெரியாது சார்" என்றேன். வேண்டுமானால் உங்கள் எண்ணைக் கொடுங்கள், என்றைக்காவது அவன் எங்களைத் தொடர்புகொண்டால் தருகிறேன் என்றேன். அவர் மெதுவாக ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். எழுதிக்கொண்டேன். திருப்பிப் படித்துக்காட்டினேன். அப்புறம் அந்தச் சீட்டைப் படம் எடுத்து டேவிட்டுக்கு அனுப்பிவிட்டு, கூப்பிடுவதும் கூப்பிடாததும் உன் இஷ்டம் என்று ஒரு வரி போட்டுவிட்டு, மீதித் தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன்.